மூன்று மதிப்பு, இரண்டு கை: கிராபிக்ஸ் டிரைவரில் எச்டிசிபி நிலையைக் கையாளுதல்

லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு திரை இணைப்புக்கும் ஒரு கனெக்டர் உண்டு. டிரைவருக்கு எச்டிசிபி (திரைக்குப் போகும் படச் சிக்னலைக் குறியாக்கும் நெறிமுறை) தெரியுமானால் அந்தக் கனெக்டரில் ‘கன்டென்ட் புரொடெக்ஷன்’ என்ற ப்ராப்பர்ட்டியும் சேர்ந்துகொள்ளும். அதற்கு மூன்றே மதிப்புகள்: 0 அன்டிசையர்டு, 1 டிசையர்டு, 2 எனேபிள்டு. வசதிக்காக இவற்றை ‘வேண்டாம்’, ‘வேண்டும்’, ‘அமலில்’ என்று வைத்துக்கொள்வோம்.

மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண சுவிட்ச் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு மதிப்புகளை எழுதுவது யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்கள்). மூன்றாவதை எழுதும் உரிமை டிரைவருக்கு மட்டுமே. அதாவது ஒருவரின் விருப்பமும் இன்னொருவர் தரும் நிலவரமும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. டிரைவரின் இந்த மூலையில் வரும் பிழைகளைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் அடியில் இந்த ஒரு குழப்பம்தான் இருக்கும்: நிலவரத்தை விருப்பம் என்றோ, விருப்பத்தை நிலவரம் என்றோ யாரோ படித்திருப்பார்கள்.

இடையில் ஒரு பெயர்ச் சிக்கல். இந்த ப்ராப்பர்ட்டி இருக்கும் கெர்னல் பகுதிக்கு டிஆர்எம் என்று பெயர். இங்கே டிஆர்எம் என்றால் டைரக்ட் ரெண்டரிங் மேனேஜர். டிஜிட்டல் உரிமை மேலாண்மை அல்ல. இந்த ப்ராப்பர்ட்டி இரண்டாவதன் வேலையையும் செய்யாது. கணினிக்கும் திரைக்கும் நடுவே உள்ள கம்பியில் ஓடும் சிக்னல் குறியாக்கம் ஆகிறதா என்பது மட்டுமே இதன் அக்கறை. ஃபிரேம் பஃபரில் இருக்கும் படத்தை வேறொரு புரோகிராம் படிக்கிறதா என்பதெல்லாம் இதன் எல்லைக்கு வெளியே. எச்டிசிபி 1.எக்ஸ் வரிசையின் மாஸ்டர் கீ 2010 செப்டம்பரில் வெளியாகிவிட்டது. அது உண்மையானதுதான் என்று இன்டெலும் உறுதி செய்தது. ஆகவே குறியாக்கத்தின் பலத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. நெறிமுறை சொல்வதை டிரைவர் ஒழுங்காகச் செய்து, அதை ஒழுங்காகத் தெரிவிக்கிறதா என்பதுதான் விஷயம்.

எந்த மாற்றம் யாருடையது

‘வேண்டாம்’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ போவது யூசர்ஸ்பேஸின் செயல். அது தோற்க வழியில்லை. திரையில் எச்டிசிபியே இல்லாவிட்டாலும் மதிப்பு ‘வேண்டும்’ என்று ஆகிவிடும், அங்கேயே நிற்கும். ‘வேண்டும்’ என்பதிலிருந்து ‘அமலில்’ போவது டிரைவரின் செயல். திரையோடு சரிபார்ப்பு முடிந்து குறியாக்கம் தொடங்கிய பிறகே அது நடக்கலாம். இணைப்பு உடைந்தால் டிரைவர் ‘அமலில்’ என்பதை ‘வேண்டும்’ என்று இறக்க வேண்டும். ‘வேண்டாம்’ வரை இறக்கும் அதிகாரம் டிரைவருக்குக் கிடையாது. கேட்டவர் கேட்டபடியே இருக்கிறார், கிடைத்துக்கொண்டிருந்தது நின்றுபோனது என்பதுதான் அங்கே நிலவரம். கேட்டவரே வந்து ‘வேண்டாம்’ என்று எழுதும்வரை, வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் டிரைவர் மறுபடி முயல வேண்டும்: மோட் மாறினாலும், திரை அணைந்து எழுந்தாலும், கம்பியைப் பிடுங்கிச் செருகினாலும், நடுவில் இருக்கும் ரிசீவருக்குப் பின்னால் எதுவும் மாறினாலும்.

டிரைவர் செய்யும் இரண்டு மாற்றங்களுக்கும் யூஇவென்ட் (கெர்னல் வெளியே அனுப்பும் அறிவிப்பு) போக வேண்டும். கனெக்டரின் எண்ணும் ப்ராப்பர்ட்டியின் எண்ணும் அதில் இருக்கும். யூசர்ஸ்பேஸ் தானே செய்த மாற்றத்துக்கு இவென்ட் வராது. ‘வேண்டும்’ என்று எழுதிவிட்டு, எழுதியதற்கு ஒப்புதல் வரும் என்று காத்திருக்கும் காம்போசிட்டர் (சன்னல்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் புரோகிராம்), எச்டிசிபி இல்லாத திரையில் காலவரையின்றிக் காத்திருக்கும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை அதுவே முடிவு செய்ய வேண்டும். கெர்னலில் ‘தோற்றுவிட்டது’ என்ற மதிப்பே இல்லை. இது ஒரு குறை என்றுதான் சொல்ல வேண்டும். கிடைக்கவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன், இந்தத் திரையில் கிடைக்கவே கிடைக்காது ஆகிய மூன்றும் வெளியே ஒரே மாதிரி 1 என்று தெரிகின்றன.

யூசர்ஸ்பேஸ் 2 என்று எழுதினால் கெர்னல் ‘ஈஇன்வேல்’ பிழையைத் திருப்பும். இதில் ஒரு பொறி இருக்கிறது. வேறொரு டெர்மினலுக்குப் போய்த் திரும்பும்போது காம்போசிட்டர் கனெக்டரின் எல்லா ப்ராப்பர்ட்டிகளையும் படித்து வைத்துக்கொண்டு, திரும்பியதும் அப்படியே எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். படித்தபோது மதிப்பு 2. திருப்பி எழுதும்போது அந்த ஒரு ப்ராப்பர்ட்டி மட்டும் தள்ளப்படாது. எல்லா மாற்றங்களையும் ஒன்றாகவே ஏற்கும் அல்லது தள்ளும் அட்டாமிக் கமிட் முழுவதுமே தோற்கும். பயனர் பார்ப்பது கறுப்புத் திரை. படித்தது 2 என்றால் 1 என்று மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான் தீர்வு. ஆனால் லாகில் வெறும் ‘தவறான மதிப்பு’ என்று மட்டும் இருக்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போய்விடும்.

கமிட்டுக்கு முந்தைய சோதனை

டிரைவரின் அட்டாமிக் செக் கட்டத்தில்தான் இந்த மூன்று மதிப்புகளும் நேராக உட்கார வைக்கப்படுகின்றன. பழைய நிலை, புதிய நிலை இரண்டும் கையில் இருக்கும். இன்டெலின் ஐ915 டிரைவர் செய்வதை வரிசையாகப் பார்ப்போம், ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

முதலில், புதிய நிலையில் கனெக்டருக்கு சிஆர்டிசி (படத்தைத் திரைக்கு ஓட்டும் வன்பொருள் பகுதி) இல்லை என்றால், அதாவது இந்த வெளியீடு அணைக்கப்படுகிறது என்றால், பழைய மதிப்பு ‘அமலில்’ ஆக இருந்தால் புதியதை ‘வேண்டும்’ என்று மாற்றி முடித்துக்கொள்கிறது. கம்பியில் சிக்னலே இல்லாதபோது ‘அமலில்’ என்பது பொய். ஆனால் திரை திரும்பி வரும்போது மறுபடி தொடங்க வேண்டும், எனவே ‘வேண்டாம்’ ஆக்கவும் முடியாது.

இரண்டாவது, சிஆர்டிசி இருக்கிறது ஆனால் முழு மோட்செட் (திரையின் மோடைப் புதிதாக அமைப்பது) நடக்கப்போகிறது என்றாலும் அதே இறக்கம். பயனர் இப்போதுதான் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தால் மட்டும் விலக்கு. முதல் சோதனை இருக்கும்போது இது எதற்கு? திரையைத் தூங்க வைக்கும் டிபிஎம்எஸ்ஸில் சிஆர்டிசி கனெக்டரோடு கட்டப்பட்டபடியே இருக்கும். இயக்கக் கொடி மட்டும் கீழே இறங்கும். முதல் சோதனையின் கண்ணில் அது படாது. இரண்டாவது இல்லாத டிரைவரில் திரை தூங்கி எழுந்த பிறகு ப்ராப்பர்ட்டி ‘அமலில்’ என்றும் கம்பியில் ஓடும் சிக்னல் குறியாக்கம் இல்லாமலும் இருக்கும். இந்த வகைப் பிழைகளிலேயே மோசமானது இதுதான், ஏனென்றால் எங்கும் பிழைச் செய்தி வராது.

மூன்றாவது, பழையதும் புதியதும் ஒன்றே என்றாலோ, பழையது ‘வேண்டும்’ புதியது ‘அமலில்’ என்றாலோ, செய்ய வேலை இல்லை. இரண்டாவது சேர்க்கை, கடந்த கமிட்டுக்குப் பிறகு டிரைவரே மதிப்பை ஏற்றியதால் வருவது; அதற்காக மறுபடி மோட்செட் நடத்தினால் திரை காரணமில்லாமல் மினுங்கும். கன்டென்ட் டைப் (இதைப் பற்றிக் கீழே) மாறியிருந்தால் மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. இவை எதிலும் சேராதது எல்லாம் மோட் மாறியதாகக் குறிக்கப்பட்டுக் கமிட்டுக்குப் போகிறது.

ஏற்கெனவே ‘அமலில்’ இருக்கும்போது யூசர்ஸ்பேஸ் மறுபடி ‘வேண்டும்’ என்று எழுதினால்? அப்போது வன்பொருளைத் தொட வேண்டியதே இல்லை. குறியாக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்டியில் உள்ள எண்தான் 2-லிருந்து 1-க்கு இறங்கிவிட்டது. சரிபார்ப்பை முதலிலிருந்து தொடங்காமல் எண்ணை மட்டும் 2 என்று திருத்தும் வேலையை வரிசையில் போட்டால் போதும். இதை மறந்த டிரைவரில் ப்ராப்பர்ட்டி 1 என்றே உறைந்து நிற்கும். பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அது இல்லை என்று நம்பி பிளேயர் மங்கலான தரத்தில் படத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்.

சஸ்பெண்டிலிருந்து எழும்போது இன்னொரு விசித்திரச் சேர்க்கை வரும். வன்பொருள் ரீசெட் ஆனதால் பழைய நிலை ‘வேண்டாம்’ என்று இருக்க, சேமித்து வைத்த நிலையை மீட்கும்போது புதியது ‘அமலில்’ என்று வந்து நிற்கும். ‘வேண்டாம்’ என்பதிலிருந்து நேரே ‘அமலில்’ போகும் பாதை விதிப்படி கிடையாது. ஏஎம்டிஜிபியு டிரைவர் இந்தச் சேர்க்கையைத் தனியாக அடையாளம் கண்டு, புதிய மதிப்பை ‘வேண்டும்’ என்று இறக்கிப் புதிதாகச் சரிபார்ப்பைத் தொடங்குகிறது. சேமித்து மீட்கும் வழி எந்த டிரைவரில் இருந்தாலும் இந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எண்ணை எழுதுவதற்கு ஏன் தனி ஒர்க்கர்

சரிபார்ப்பு வென்றதும் அந்த இடத்திலேயே ப்ராப்பர்ட்டியை 2 ஆக்கினால் என்ன என்று தோன்றும். ப்ராப்பர்ட்டியை மாற்ற கனெக்‌ஷன் மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டு) பிடிக்க வேண்டும். எச்டிசிபி குறியீடு ஓடும்போது அதன் சொந்த மியூடெக்ஸ் கையில் இருக்கும். மறுபக்கம், கனெக்‌ஷன் மியூடெக்ஸை வைத்திருக்கும் கமிட் எச்டிசிபியை அணைக்க இந்த மியூடெக்ஸுக்குக் காத்திருக்கலாம். இரண்டும் எதிர் வரிசையில் பிடித்தால் ஒன்றுக்கொன்று வழிமறித்து நிற்கும். அதனால் டிரைவர் தன் உள் மதிப்பை மட்டும் மாற்றிக்கொண்டு, வெளி எண்ணைத் திருத்தும் வேலையை ஒர்க்கியூவில் (பின்னணியில் ஒர்க்கர் எடுத்துச் செய்யும் வேலைகளின் வரிசை) போடுகிறது. ஒர்க்கர் வந்து கனெக்‌ஷன் மியூடெக்ஸை முதலில், எச்டிசிபி மியூடெக்ஸை அடுத்து என்ற ஒரே வரிசையில் பிடிக்கும்.

இந்த இடைவெளியில் பயனர் ‘வேண்டாம்’ என்று எழுதியிருக்கலாம். ஒர்க்கர் கண்ணை மூடிக்கொண்டு 2 என்று எழுதினால், அணைந்துபோன ஒன்றை எரிகிறது என்று அறிவித்தது போலாகும். எனவே பெட்டியில் உள்ளது ‘வேண்டாம்’ என்றால் ஒர்க்கர் எதையும் தொடாமல் திரும்பிவிட வேண்டும். ‘வேண்டும்’, ‘அமலில்’ ஆகிய இரண்டுக்கும் நடுவே மட்டுமே அது மாற்றலாம். இன்னொன்று: வேலையை வரிசையில் போடும்போது கனெக்டரின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, முடிந்ததும் குறைக்க வேண்டும். டிஸ்பிளே போர்ட் எம்எஸ்டி (ஒரே போர்ட்டில் பல திரைகள்) கனெக்டர்கள் கம்பியைப் பிடுங்கியதும் மறைந்துபோகக் கூடியவை. ரெஃபரன்ஸ் இல்லாமல் ஓடும் ஒர்க்கர் விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் எழுதும். வேலை ஏற்கெனவே வரிசையில் இருந்து இரண்டாம் முறை சேராமல் போனால், கூட்டிய ரெஃபரன்ஸை உடனே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் கசிவு.

கம்பியில் ஆகும் நேரம்

நிலை மாற்றங்கள் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாமல் டிரைவரின் வடிவத்தைத் தீர்மானிக்க முடியாது. எச்டிசிபி 1.4-இல் அனுப்புபவர் 64 பிட் சீரற்ற எண்ணையும் தன் 40 பிட் கேஎஸ்வியையும் (கருவியின் அடையாள எண்) எழுதி, திரையின் கேஎஸ்வியைப் படிக்கிறார். செல்லுபடியாகும் கேஎஸ்வியில் சரியாக 20 ஒன்றுகளும் 20 பூஜ்யங்களும் இருக்கும். எண்ணிப் பார்த்துச் சேரவில்லை என்றால் மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும், ஏனெனில் கம்பியின் இரைச்சலாகவும் இருக்கலாம். பிறகு ஆர்0 (இரு பக்கமும் தனித்தனியாகக் கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பீடு. திரை 100 மில்லி செகண்டில் விடையைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சில மானிட்டர்கள் அதைத் தாண்டுவதால் ஐ915 டிரைவர் 300 மில்லி செகண்ட் பொறுக்கிறது. விதியைக் கறாராகப் பிடித்தால் தோற்பது மானிட்டர் அல்ல, நம் டிரைவர்தான். பயனர் அப்படித்தான் பார்ப்பார்.

எதிரே இருப்பது ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மற்ற கருவிகளுக்கு அனுப்பும் நடுப் பெட்டி) என்றால் கதை நீளும். அது தன் பின்னால் இருக்கும் கருவிகளின் பட்டியலைத் தயாரிக்க 5 செகண்ட் வரை எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் அதிகபட்சம் 127 கருவிகள், 7 அடுக்கு ஆழம். எச்டிஎம்ஐயில் 100 கிலோஹெர்ட்ஸ் டிடிசி (கணினியும் திரையும் தகவல் பரிமாறும் தடம்) வழியே 127 கேஎஸ்விகளைப் படிப்பது 635 பைட். சுமார் 57 மில்லி செகண்டில் முடியும், அது பெரிய செலவல்ல. டிஸ்பிளே போர்ட்டில் அதே பட்டியல் 15 பைட் சாளரம் வழியே மூன்று மூன்றாக வரும். சாளரத்தை முறையாக நகர்த்தாமல் ஒரே மூச்சில் படித்தால் பட்டியலைச் சரிபார்க்கும் ஷா-1 ஒப்பீடு தோற்கும். ஒரு முயற்சிக்கு 5 செகண்ட், மூன்று முயற்சி என்றால் 15 செகண்ட். இதை கமிட்டின் பாதையிலேயே செய்தால் அவ்வளவு நேரமும் அடுத்த ஃபிளிப் (புதிய ஃபிரேமுக்கு மாறுவது) காத்திருக்கும், திரை உறைந்தது போலத் தெரியும். ஒர்க்கியூவுக்குத் தள்ளினால் அந்தச் சிக்கல் இல்லை. பதிலுக்கு, வேலை பாதியில் இருக்கும்போது வரும் அணைப்பைச் சமாளிக்க வேண்டும்.

எச்டிசிபி 2.2-இல் படிகள் அதிகம், நேர எல்லைகள் வேறு. சான்றிதழுக்கு எச்டிஎம்ஐயில் 100 மில்லி செகண்ட். திரையை முன்பின் பார்த்ததில்லை என்றால் எச் பிரைம் (திரை தரும் சரிபார்ப்பு விடை) வர 1 செகண்ட், முன்பே இணைந்து சாவி சேமிப்பில் இருந்தால் 200 மில்லி செகண்ட். எச்டிஎம்ஐயில் அருகாமைச் சோதனைக்கு வெறும் 20 மில்லி செகண்ட். கெர்னல் திரெட் வேறு வேலையில் மாட்டிக்கொண்டால் இந்தப் படிதான் முதலில் உடையும். ரிப்பீட்டரின் பட்டியலுக்கு 3 செகண்ட், அதிகபட்சம் 31 கருவிகள், 4 அடுக்கு. சாவியை அனுப்பியதும் உடனே குறியாக்கத்தைத் திறந்துவிடக் கூடாது. 200 மில்லி செகண்ட் இடைவெளி கட்டாயம். அதைச் சுருக்கினால் சில திரைகளில் பனித்தூவல் மாதிரி புள்ளிகள் வரும், சிலவற்றில் ஒன்றும் ஆகாது. மேசையில் இருக்கும் ஒரே மானிட்டரில் சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

‘அமலில்’ வந்த பிறகும் வேலை முடிவதில்லை. 1.4 எச்டிஎம்ஐயில் 128 ஃபிரேமுக்கு ஒருமுறை இரு பக்கமும் புதிய சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும். 60 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 2.1 செகண்ட். டிரைவர் 2 செகண்டுக்கு ஒருமுறை போல அதைப் படித்து ஒப்பிட வேண்டும். எண் மாறும் அதே கணத்தில் படித்தால் பொய்யான பொருத்தமின்மை கிடைக்கும்; எனவே ஒரு தோல்வியை வைத்து இணைப்பை உடைக்காமல் உடனே இன்னும் ஓரிரு முறை படிப்பது முறை. டிஸ்பிளே போர்ட்டில் திரையே சிபி ஐஆர்க்யூ என்ற குறுக்கீட்டு அறிவிப்பை எழுப்பும். பி ஸ்டேட்டஸ் பதிவேட்டில் இணைப்பு உடைந்தது என்ற பிட்டும், மறுபடி சரிபார் என்ற பிட்டும் தனித்தனியாக உண்டு. முதலாவதை மட்டும் பார்க்கும் டிரைவர், பின்னால் ரிப்பீட்டரில் புதுத் திரை செருகப்பட்டதைக் கவனிக்காமல் போகும்.

டைப் 0, டைப் 1

‘எச்டிசிபி கன்டென்ட் டைப்’ என்பது கூடவே வரும் இரண்டாவது ப்ராப்பர்ட்டி. டைப் 0 என்றால் 1.4 போதும், டிரைவர் முதலில் 2.2 முயன்று, தோற்றால் 1.4-க்கு இறங்கலாம். டைப் 1 என்றால் 2.2 மட்டுமே, இறங்கக் கூடாது. இறக்கப் பாதையில் டைப்பைச் சோதிக்க மறந்த டிரைவர், டைப் 1 கேட்டவருக்கு 1.4 இணைப்பைக் கொடுத்து ‘அமலில்’ என்று சொல்லிவிடும். பாதுகாப்பு ஓடும்போதே டைப் மாறினால், அதே கமிட்டில் அணைத்துப் புது டைப்போடு மறுபடி தொடங்க வேண்டும்.

டைப் 1-இல் ரிப்பீட்டருக்குப் பின்னால் பழைய 1.4 திரை ஒன்று தொங்கினால், அதற்கு அந்தப் படத்தை அனுப்பாமல் தடுப்பது ரிப்பீட்டரின் கடமை. ஆக ப்ராப்பர்ட்டி ‘அமலில்’ என்று இருக்க, கடைசித் திரை கறுப்பாக இருப்பது பிழையாக இருக்க வேண்டியதில்லை. பிழை அறிக்கை வந்தால் முதலில் நடுவில் என்ன பெட்டி இருக்கிறது என்று கேட்பது நேரத்தை மிச்சமாக்கும்.

எம்எஸ்டியில் இன்னொரு திருப்பம்: ப்ராப்பர்ட்டி ஒவ்வொரு கனெக்டருக்கும் தனி, ஆனால் கீழே உள்ள போர்ட்டும் அதன் சரிபார்ப்பும் பொது. ஒரு திரையில் ‘வேண்டாம்’ என்று எழுதியதும் போர்ட்டின் குறியாக்கத்தையே அணைத்தால் பக்கத்துத் திரையும் போய்விடும். போர்ட்டில் எத்தனை ஸ்ட்ரீம் குறியாக்கத்தில் இருக்கிறது என்று எண்ணி, கடைசியானது விலகும்போது மட்டும் இணைப்பை அணைக்க வேண்டும்.

சோதிக்கும் விதம்

மோட்டெஸ்ட் கருவியால் கனெக்டரில் 1 என்று எழுதி, இன்னொரு டெர்மினலில் யூஇவென்ட்களைக் காட்டும் யூடெவ் கண்காணிப்பை ஓட்டிப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர்களுக்கான ஐஜிடி சோதனைத் தொகுப்பில் இதற்கென்றே கேஎம்எஸ் கன்டென்ட் புரொடெக்ஷன் சோதனை இருக்கிறது. ஆனால் பிழைகள் அதிகம் பிடிபடுவது கையால் செய்யும் சேட்டைகளில்தான். கணினியின் கம்பியை அல்லாமல் ரிசீவருக்கும் டிவிக்கும் நடுவே உள்ள கம்பியைப் பிடுங்குங்கள். ‘அமலில்’ இருக்கும்போது மூடியை மூடித் திறங்கள். சரிபார்ப்பு நடுவில் இருக்கும் அந்தச் சில நூறு மில்லி செகண்டுக்குள் 0 என்று எழுதுங்கள். ஒர்க்கர் பிறகு வந்து 2 என்று எழுதுகிறதா என்று பாருங்கள்.

இவென்ட்டை மட்டும் நம்பிச் சோதனை எழுதினால் ஒன்று தப்பிவிடும். மோட்செட்டின்போது அட்டாமிக் செக் கட்டத்தில் ‘அமலில்’ என்பது ‘வேண்டும்’ என்று இறங்குவதைப் பார்த்தோம். விதிப்படி அதற்கும் யூஇவென்ட் போக வேண்டும். ஐ915 குறியீட்டில் அந்த இடத்தில் இன்னும் செய்ய வேண்டியது என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. காம்போசிட்டர் எழுதுபவர்கள் தாங்களே நடத்தும் ஒவ்வொரு மோட்செட்டுக்குப் பின்னும் ப்ராப்பர்ட்டியை ஒருமுறை நேரடியாகப் படித்து, 2 இல்லை என்றால் அடுத்த இவென்ட் வரும்வரை பாதுகாக்கப்பட்ட சன்னல்களை மறைத்து வைக்க வேண்டும்.